இரு மரங்கள் சேர்ந்த பெயர்

பண்டமாரானில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியின் நான்காம் படிவ வகுப்பு. புதிதாக வந்த ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, “லிம்!” என்று அழைத்தார். மூன்று மாணவர்கள் ஒருங்கே எழுந்து நின்றனர். வகுப்பே சிரித்தது.

ஓய்வு நேரத்தில் ஒரு தமிழ் மாணவி, அம்மூவருள் ஒருவனான தன் தோழனிடம், “நீங்கள் மூவரும் உறவினர்களா?” என்று கேட்டாள்.

“உறவினர்கள் இல்லை. ஆனால், எங்கள் பெயரின் எழுத்து ஒன்றுதான். பூப்பந்து வீரர் லின் டான் பெயரிலும் அதே எழுத்துத்தான்!” என்றான் அவன்.

“அப்படியென்றால், ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் நம் லீ சோங் வெய்யை இருமுறை தோற்கடித்தவர் உன் ஆளா?” என்று அவள் பொய்க்கோபம் காட்டினாள்.

“ஆமாம். ஆனால், நான் பூப்பந்தை வலைக்கு மேலே அனுப்பவே திணறுகிறேனே! பெயர் இருந்து என்ன பயன்?” என்றான் அவன்.

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனினும், அதனுள் ஆழமான கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு பெயர் மனிதனுக்கு எதைத் தருகிறது? மனிதன் அப்பெயருக்கு எதைத் தருகிறான்?

சீனர்களின் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும். அது தந்தையிடமிருந்து பிள்ளைகளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும். தமிழரிடையே தந்தையின் பெயர் பிள்ளையின் பெயரோடு சேர்கிறது; அடுத்த தலைமுறையில் அது மாறிவிடுகிறது. சீனரின் குடும்பப் பெயரோ நூற்றாண்டுகள் கடந்தும் மாறாமல் நிற்கிறது.

அந்த மூன்று மாணவர்களின் குடும்பப் பெயரைச் சீன எழுத்தில் எழுதினால், ‘மரம்’ என்னும் குறி இருமுறை அருகருகே நிற்கும். இரண்டு மரங்கள் சேர்ந்தால் தோப்பு. அதுவே அவ்வெழுத்தின் பொருள். மாண்டரின் மொழியில் அதனை ‘லின்’ என்பர். ஹொக்கியான் மொழியில் ‘லிம்’ என்பர். கண்டோனீஸ் மொழியில் ‘லாம்’ என்பர். கிள்ளான் வட்டாரத்தில் ஹொக்கியான் பேசும் சீனர்கள் மிகுதி. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் புதுக்கிராமமாக உருவான பண்டமாரானிலும் ‘லிம்’ என்னும் ஒலியே மிகுதியாகக் கேட்கிறது.

இப்பெயர் தோன்றியதைப் பற்றிச் சீனரிடையே ஒரு பழங்கதை உண்டு. பண்டைக் காலத்தில் பீ கான் என்னும் அமைச்சர், கொடுங்கோல் மன்னனின் தவற்றைத் துணிந்து எடுத்துரைத்ததால் கொல்லப்பட்டார். கருவுற்றிருந்த அவருடைய மனைவி காட்டுக்குள் தப்பியோடி அங்கே ஓர் ஆண்மகவை ஈன்றெடுத்தாள். பின்னர் ஆட்சிக்கு வந்த மன்னர், மரங்கள் காத்த அக்குழந்தைக்கு ‘லின்’ என்னும் பெயரைச் சூட்டினாராம்.

இப்பெயரைத் தாங்கியோர் பலர் நம் மண்ணிலும் உலக அரங்கிலும் வெவ்வேறு துறைகளில் ஒளிர்ந்துள்ளனர். அவர்களுள் சிலரைக் காண்போம்.

1869ஆம் ஆண்டு சிங்கப்பூரில் பிறந்தவர் லிம் பூன் கெங். மாணவப் பருவத்திலேயே தந்தையை இழந்த அவருக்குப் பள்ளித் தலைமையாசிரியர் ஹல்லெட் துணைநின்று ஊக்கமளித்தார். 1887ஆம் ஆண்டு, பிரிட்டிஷ் அரசியின் பெயரால் வழங்கப்பட்ட உபகாரச் சம்பளத்தைப் பெற்ற முதல் சீன மாணவர் என்னும் சிறப்பை அவர் அடைந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று திரும்பினார். அபின் பழக்கத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தார். பெண்களுக்குக் கல்வி எதற்கு என்று பலரும் கேட்ட காலத்தில், 1899ஆம் ஆண்டு சிங்கப்பூரில் சீனப் பெண்கள் பள்ளி தோன்ற நண்பர்களோடு சேர்ந்து உழைத்தார். மலாயாவில் ரப்பர் பயிரிடுமாறு ஊக்குவித்த முன்னோடிகளுள் அவரும் ஒருவர். அந்த ரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் பலர் வியர்வை சிந்தியதை நாம் அறிவோம். 1921 முதல் 1937 வரை சீனாவின் சியாமென் பல்கலைக்கழகத்தின் தலைவராக அவர் பணியாற்றினார். அப்பல்கலைக்கழகத்தின் மலேசியக் கிளை இன்று சிலாங்கூரின் சிப்பாங் மாவட்டத்தில் இயங்குகிறது.

அவருடைய மகன் ரோபர்ட் லிம் உடலியங்கியல் அறிஞர். கொழுப்புள்ள உணவு சிறுகுடலை அடைந்ததும் இரைப்பையின் அமிலச் சுரப்பு குறைவது ஏன் என்று அவர் ஆராய்ந்தார். பெய்ஜிங்கில் பேராசிரியராகப் பணியாற்றியபோது போர் மூண்டது. ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்து, காயமுற்றோருக்கு உதவும் செஞ்சிலுவை மருத்துவப் படையை அமைத்தார்.

ரோபர்ட் லிம் கற்பித்த அதே மருத்துவக் கல்லூரியில் லின் சியாவ்சி என்னும் இளம்பெண் மாணவியாக இருந்தார். இருவர் பெயரிலும் உள்ள எழுத்து ஒன்றே, ஒலிதான் வேறு. அக்கல்லூரியில் சேர்வதற்கு அவர் எழுதிய தேர்வைப் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. தேர்வு நடந்துகொண்டிருந்தபோது உடன் எழுதிய பெண்ணொருத்தி மயங்கி விழுந்தாள். லின் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு அவளுக்கு உதவ விரைந்தார். திரும்பி வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. விடைத்தாள் முழுமை பெறவில்லை. ஆயினும், அவருடைய பண்பைக் கேள்வியுற்ற கல்லூரியினர் அவரைச் சேர்த்துக்கொண்டனர். 1929ஆம் ஆண்டு பட்டம் பெற்ற அவர், மகப்பேற்று மருத்துவராகத் தம் வாழ்நாளில் 50,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறக்கத் துணைநின்றார். தாம் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆனால், ஆயிரமாயிரம் குடும்பங்களில் அவர் பெயர் நன்றியோடு நினைக்கப்பட்டது.

தம் குடும்பப் பெயரையே மறைத்து வாழ்ந்த ஒருவரும் உண்டு. அவர் லிம் போ செங். சிங்கப்பூரில் வணிகராக இருந்த அவர், ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் ‘136ஆம் படை’ என்னும் இரகசியப் படையில் சேர்ந்தார். 1943ஆம் ஆண்டு நீர்மூழ்கிக் கப்பலில் மலாயாவுக்குள் நுழைந்தார். தம்மை எதிரிகள் அடையாளம் காணாதிருக்க, ‘டான் சூன் லிம்’ என்னும் புனைபெயரை ஏற்றார். ‘லிம்’ பின்னுக்குப் போய், ‘டான்’ என்னும் வேறொரு குடும்பப் பெயர் முன்னே நின்றது. 1944ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவர் பேராக்கில் பிடிபட்டார். கடுமையாக வதைக்கப்பட்டபோதும் தோழர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவ்வாண்டு ஜூன் 29ஆம் நாள் பத்து காஜா சிறையில் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 35. தம் பெயரை மறைத்துப் பிறர் உயிரைக் காத்த அவருடைய பெயரை வரலாறு மறைக்கவில்லை.

எழுத்துலகிலும் ஒரு லிம் உண்டு. 1944ஆம் ஆண்டு மலாக்காவில் பிறந்தவர் ஷெர்லி லிம். அவருடைய தந்தை, ஷெர்லி டெம்பிள் என்னும் திரைப்படக் குழந்தை நட்சத்திரத்தின் நினைவாக அவருக்கு அப்பெயரை வைத்தார். ஆனால், பெயரில் இருந்த பகட்டு வாழ்வில் இல்லை. வறுமை வாட்டியது, சிறு வயதிலேயே தாய் குடும்பத்தை விட்டுப் பிரிந்தார். அச்சிறுமிக்கு நூல்களே துணையாயின. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பயின்று, பின்னர் அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்றுப் பேராசிரியரானார். 1980ஆம் ஆண்டு காமன்வெல்த் கவிதைப் பரிசை வென்றார். அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே.

இறுதியாக, பெயர் தெரியாமலேயே வென்ற ஒருவரைப் பார்ப்போம். வியட்நாம் போரில் உயிரிழந்த அமெரிக்க வீரர்களுக்கு வாஷிங்டனில் நினைவுச்சின்னம் எழுப்ப, 1981ஆம் ஆண்டு வடிவமைப்புப் போட்டி ஒன்று நடத்தப்பட்டது. வந்த வடிவங்கள் 1,421. நடுவர்களுக்கு எண்கள் மட்டுமே காட்டப்பட்டன, பெயர்கள் மறைக்கப்பட்டன. அவர்கள் தேர்ந்தெடுத்த 1026ஆம் எண்ணுக்குரியவர் மாயா லின் என்னும் 21 வயது மாணவி என்பது பின்னரே தெரிந்தது. அவருடைய பெற்றோர் சீனாவிலிருந்து குடியேறியவர்கள். பெயர் வெளிவந்ததும் எதிர்ப்பும் எழுந்தது. ஆசிய வழிவந்த பெண்ணா இதைச் செய்வது என்றுகூடச் சிலர் கேட்டனர். அவர் தளரவில்லை. 1982ஆம் ஆண்டு அந்தக் கருங்கல் சுவர் திறக்கப்பட்டது. அதில் 58,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பதவி, பட்டம் எதுவும் இல்லை; இறந்த நாளின் வரிசையில் பெயர்கள் மட்டுமே உள்ளன. இன்றும் மக்கள் அச்சுவரில் தம் உறவினரின் பெயரைத் தேடி விரலால் தொட்டுப் பார்க்கின்றனர்.

மருத்துவர், ஆய்வாளர், போராளி, கவிஞர், வடிவமைப்பாளர் ஆகிய இவர்கள் அனைவரும் ஒரே எழுத்தைத் தாங்கியவர்கள். ஆனால், அவ்வெழுத்து யாருக்கும் பரிசு வாங்கித் தரவில்லை. தேர்வில் மதிப்பெண்ணும் தரவில்லை. மாயா லின் வென்றபோது அது நடுவர்களின் கண்ணுக்குத் தெரியவேயில்லை. லிம் போ செங் மடிந்தபோது அது மறைந்திருந்தது. பெயர் அவர்களை உயர்த்தவில்லை. அவர்களே பெயரை உயர்த்தினார்கள்.

இன்னோர் உண்மையையும் நாம் மறத்தலாகாது. ‘தனிமரம் தோப்பாகாது’ என்பது நம் பழமொழி. லிம் பூன் கெங்கிற்கு ஒரு தலைமையாசிரியர் இருந்தார். லின் சியாவ்சியின் பண்பை மதித்த கல்லூரி இருந்தது. ஒவ்வொரு வெற்றியாளர் அருகிலும் இன்னொரு மரம் நின்றிருக்கிறது. சீனர் இரண்டு மரங்களை வரைந்து தோப்பு என்றனர். நாம் அதையே பழமொழியாக்கினோம்.

மறுநாள் காலை, ஆசிரியர் மீண்டும், “லிம்!” என்று அழைத்தார். மூவரும் எழுந்து நின்றனர். இம்முறை ஆசிரியர் புன்னகையோடு, “இன்று முழுப்பெயரைச் சொல்லுங்கள்” என்றார். மூவரும் ஒருவர்பின் ஒருவராகத் தத்தம் முழுப்பெயரைத் தெளிவாகக் கூறினர். குடும்பப் பெயர் முன்னோர் தந்தது. அதனை அடுத்து வரும் பெயருக்குப் பொருள் சேர்ப்பது அவரவர் கையில் இருக்கிறது. தந்தையின் பெயரைத் தாங்கி நிற்கும் நமக்கும் இது பொருந்தும்.

சிந்தித்துக் கூறுக

1. லிம் போ செங், மாயா லின் ஆகிய இருவர் வாழ்விலும் பெயர் மறைக்கப்பட்டது. இரு சூழல்களுக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளைக் கூறுக.
2. தேர்வறையில் லின் சியாவ்சியின் நிலையில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? காரணம் தருக.
3. உங்கள் பெயரின் பொருளையும் அதனைச் சூட்டியவரையும் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்து ஒரு பத்தி எழுதுக.