சொந்த ஜெட் விமானம்: ஓர் இயற்பியல் கணக்கு

விமானத்தில் செல்லச் சீட்டு வாங்குவோர் பலர். விமானத்தையே விலைக்கு வாங்குவோர் மிகச் சிலர். 2007ஆம் ஆண்டு தொழிலதிபர் முகேஷ் அம்பானி ஏர்பஸ் 319 வகை விமானம் ஒன்றைச் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கினார். அது அப்போது பெரிய செய்தியாயிற்று. 2009இல் நம் விமானப் படை, நாட்டின் தலைவர்கள் பயணம் செய்வதற்காக மூன்று ‘போயிங் பிசினஸ் ஜெட்’ விமானங்களைச் சேர்த்துக்கொண்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் அமரக்கூடிய பயணிகள் விமானத்தின் உடலை எடுத்துக்கொண்டு, உள்ளே இருக்கைகளுக்குப் பதிலாகப் படுக்கையறை, கூட்ட அறை முதலியவற்றை அமைத்தால் கிடைப்பது இவ்வகை விமானம். போயிங் பிசினஸ் ஜெட்டின் உட்பரப்பு ஏறக்குறைய 800 சதுர அடி. நம் ஊரில் ஒரு குடும்பம் வசதியாக வாழும் வீட்டின் அளவு!

தொடக்கத்திலிருந்தே இந்த வேலைக்கென வடிவமைக்கப்படும் விமானங்களும் உண்டு. அமெரிக்காவின் கல்ஃப்ஸ்ட்ரீம் நிறுவனம் உருவாக்கிய ஜி-650 அவற்றுள் புகழ்பெற்றது. இது முதன்முதலில் பறந்தது 2009 நவம்பரில். இந்த விமானம் எவ்வளவு தூரம் பறக்கும், உள்ளே இருப்பவருக்கு எவ்வளவு சுகம் தரும், சொந்தக்காரருக்கு என்ன செலவு வைக்கும் என்ற மூன்று கேள்விகளுக்கும் பள்ளி இயற்பியலைக் கொண்டே விடை காணலாம். அதற்குத் தேவையான அளவுகள் இவை:

நீளம்: சுமார் 30 மீட்டர்
புறப்படும்போது பெரும எடை: சுமார் 45,000 கிலோகிராம்
அதில் எரிபொருள்: சுமார் 20,000 கிலோகிராம்
எஞ்சின்கள்: இரண்டு, ஒவ்வொன்றின் உந்துவிசை சுமார் 75,000 நியூட்டன்
ஒரே மூச்சில் பறக்கும் தூரம்: சுமார் 12,960 கிலோமீட்டர்
பெரும உயரம்: 51,000 அடி (15.5 கிலோமீட்டர்)
பயணிகள்: அதிகம் போனால் 19 பேர்

வாணமும் விமானமும்

சிவகாசியில் செய்யப்படும் ராக்கெட் வாணத்தை நீங்கள் அறிவீர்கள். வாயுவைப் பின்னோக்கித் தள்ளி, அதன் எதிர்விசையால் முன்னேறுவதே வாணம், ஜெட் விமானம் இரண்டுக்கும் பொதுவான தத்துவம். நியூட்டனின் மூன்றாம் விதி என்று இதைப் படித்திருக்கிறீர்கள். ஆனால் இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வாணத்தில் உள்ள கருமருந்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெடியுப்பு. கரியும் கந்தகமும் எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை அந்த வெடியுப்பே தருகிறது. அதாவது, வாணம் தன் ஆக்சிஜனைத் தானே சுமந்து செல்கிறது. ஜெட் எஞ்சினோ அதை வழியிலுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

இதன் பயன் எவ்வளவு என்று பாருங்கள். விமான எரிபொருள் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்தது. 1 கிலோகிராம் முழுதும் எரிய ஏறக்குறைய 3.4 கிலோகிராம் ஆக்சிஜன் தேவை. அப்படியானால் 20,000 கிலோகிராம் எரிய 68,000 கிலோகிராம் ஆக்சிஜன் வேண்டும். விமானத்தின் மொத்த எடையே 45,000 கிலோகிராம்தான்! ஆக்சிஜனையும் சுமக்க வேண்டுமென்றால் இந்த விமானம் இவ்வளவு தூரம் பறப்பது நடவாத காரியம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. மேலே எழும்ப, வாணத்தின் உந்துவிசை அதன் எடையைவிட அதிகமாக இருக்க வேண்டும். ஜி-650இன் எடை 45,000 × 9.8 = 4,41,000 நியூட்டன். இரு எஞ்சின்களின் உந்துவிசையைக் கூட்டினால் 1,50,000 நியூட்டன்; எடையில் மூன்றில் ஒரு பங்குதான். மீதி வேலையை யார் செய்கிறார்கள்? இறக்கைகள். விமானத்தை முன்னே தள்ளுவதே எஞ்சினின் வேலை. தூக்கி நிறுத்துவது இறக்கையின் மேல் பாயும் காற்று.

ஏன் அவ்வளவு உயரம்?

51,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. காற்று மெலிந்தால் அதன் தடையும் குறையும். ஆனால் தூக்குவிசையும் அல்லவா குறையும்? ஆம். தூக்குவிசை அடர்த்தியையும், வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. அடர்த்தி ஏழில் ஒன்றானால், அதே எடையைத் தாங்க வேகம் ஏழின் வர்க்கமூல மடங்கு, அதாவது சுமார் 2.6 மடங்கு ஆக வேண்டும். மெல்லிய காற்றில் வேகமாகப் பறப்பதே நெடுந்தூர விமானத்தின் சிக்கன வழி.

ஆனாலும் புறப்பட்டவுடன் 51,000 அடிக்கு ஏறிவிட முடியாது. தொடக்கத்தில் விமானத்தின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு எரிபொருள். அது எரிந்து எடை குறையக் குறைய, விமானம் படிப்படியாக மேலே செல்கிறது.

வேகமா, தூரமா?

அந்த உயரத்தில் வெப்பநிலை சுமார் -56 டிகிரி செல்சியஸ். அங்கே ஒலியின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 1,062 கிலோமீட்டர். விமானத்தின் வேகத்தை ஒலியின் வேகத்தால் வகுத்தால் வருவது மாக் எண். மாக் 0.85 என்றால் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர். 12,960 கிலோமீட்டர் என்ற தூரம் இந்த வேகத்தில் செல்லும்போது கிடைப்பது.

வேகத்தை மாக் 0.90 ஆகக் கூட்டினால் என்ன ஆகும்? பறக்கும் தூரம் சுமார் 11,110 கிலோமீட்டராகக் குறைந்துவிடும். வேகம் கூடியது 6 சதவீதம். தூரம் குறைந்தது 14 சதவீதம்! ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் தடை திடீரென ஏறுவதே காரணம். அத்தனை எரிபொருளையும் கொடுத்து, 11,110 கிலோமீட்டர் பயணத்தில் மிச்சப்படுவது ஏறக்குறைய 40 நிமிடம்.

சென்னையிலிருந்து லண்டன் சுமார் 8,200 கிலோமீட்டர். அங்கே இவ்விமானம் எளிதாகச் சென்று சேரும். சென்னையிலிருந்து நியூயார்க் ஏறக்குறைய 13,500 கிலோமீட்டர். அதற்கு வழியில் ஓரிடத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பியாக வேண்டும்.

ஓடுபாதையும் வெயிலும்

விருதுநகர், சிவகாசி மக்களுக்கு அருகிலுள்ள விமான நிலையம் மதுரை. அதன் ஓடுபாதை சுமார் 2,285 மீட்டர். முழு எடையுடன் எழும்ப ஜி-650க்கு ஏறக்குறைய 1,790 மீட்டர் போதும். ஆனால் இது கடல்மட்டத்தில், 15 டிகிரி வெப்பநிலையில் கணக்கிட்ட அளவு. நம் பகுதிச் சித்திரை வெயிலில் வெப்பநிலை 40 டிகிரி என்று கொள்வோம். கெல்வின் அளவில் 288, 313 ஆகிறது. அழுத்தம் மாறாதபோது அடர்த்தி வெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் மாறும் என்பதால், காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் குறைகிறது. இறக்கைக்கும் எஞ்சினுக்கும் கிடைக்கும் காற்று குறைவதால் விமானம் கூடுதல் தூரம் ஓடித்தான் எழும்ப முடியும். ஓடுபாதை போதாவிட்டால் எரிபொருளைக் குறைக்க வேண்டும்; எரிபொருளைக் குறைத்தால் செல்லும் தூரம் குறையும்.

ஏற்காட்டுக் காற்று

சுகம் என்றால் மெத்தையும் சாய்வு நாற்காலியும்தாமா? உடலுக்குக் கிடைக்கும் முதல் சுகம் காற்றழுத்தம். வெளியே அழுத்தம் மிகக் குறைவாதலால், எஞ்சினின் அழுத்திகளிலிருந்து காற்றை எடுத்து அறைக்குள் செலுத்துகிறார்கள். சாதாரணப் பயணிகள் விமானத்தில் அறைக்குள் உள்ள அழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குக் குறையக் கூடாது என்பது விதி. இது கோடைக்கானலைவிடச் சற்றே உயரம். ஜி-650 தன் பெரும உயரத்தில் பறக்கும்போதும் உள்ளே 4,850 அடி உயரத்தின் அழுத்தம் இருக்கும். ஏறக்குறைய ஏற்காட்டின் உயரம்! பன்னிரண்டு மணி நேரம் பயணம் செய்பவர் களைப்பின்றி இறங்க இது பெரிதும் உதவுகிறது.

இதற்கும் விலை உண்டு. உள்ளே உள்ள அழுத்தத்துக்கும் வெளியே உள்ளதற்கும் வேறுபாடு, ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 74,000 நியூட்டன். ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏழரை டன் எடை உள்ளிருந்து வெளியே தள்ளுவது போன்றது இது. உருளை வடிவச் சுவரில் தோன்றும் தகைவு, அழுத்த வேறுபாட்டை ஆரத்தால் பெருக்கித் தடிமனால் வகுத்தால் வரும். உடல் பருத்தால், அதாவது ஆரம் கூடினால், சுவரும் தடிக்க வேண்டும், எடை ஏறும். ஒல்லியான உடல் கொண்ட விமானத்துக்கு உயர்ந்த அழுத்தம் தருவது எளிது என்பதன் காரணம் இதுதான்.

அழுத்தம் வெறும் ஆடம்பரம் அன்று; உயிர்நாடி. 1999 அக்டோபர் 25 அன்று அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரிலிருந்து புறப்பட்ட லியர்ஜெட் 35 என்னும் சிறிய தனியார் ஜெட்டில் காற்றழுத்தம் குறைந்துபோனது. கோல்ஃப் வீரர் பெய்ன் ஸ்டூவர்ட் உட்பட ஆறு பேர் அதில் இருந்தனர். விமானிகளும் நினைவிழந்தனர். விமானம் தானாகவே ஏறக்குறைய நான்கு மணி நேரம் பறந்து, எரிபொருள் தீர்ந்து, தெற்கு டகோட்டா மாநிலத்தில் வயல்வெளியில் விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. மிக உயரத்தில் அழுத்தம் திடீரெனப் போய்விட்டால், மனிதர் சிந்தித்துச் செயல்படக் கிடைப்பது பத்து விநாடி அளவே. அதற்குள் ஆக்சிஜன் முகமூடியை அணிந்துகொள்ள வேண்டும்.

அறைக்குள் ஏற்றும் சுகப் பொருள்களுக்கும் எடை உண்டு. கூடுதலாக ஏற்றும் எடையில் மணிக்கு ஏறக்குறைய 3 முதல் 4 சதவீதம் அளவு எரிபொருள் அதைச் சுமப்பதற்கே செலவாகும் என்பது தோராயக் கணக்கு. 12 மணி நேரப் பயணத்தில் 1,000 கிலோகிராம் அலங்காரப் பொருளைச் சுமக்க 400 கிலோகிராம் எரிபொருள் போய்விடும்.

நின்றாலும் செலவு

ஜி-650இன் விலை சுமார் 6.5 கோடி டாலர் என்று சொல்லப்பட்டது. ஒரு டாலர் 85 ரூபாய் என்று கொண்டால் ஏறக்குறைய 550 கோடி ரூபாய். இதற்கு ஆண்டுக்கு 8 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 44 கோடி. நாளொன்றுக்கு 12 லட்சம் ரூபாய். விமானம் பறந்தாலும் கொட்டகையில் நின்றாலும் இந்த வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். விமானிகள் சம்பளம், காப்பீடு, கொட்டகை வாடகை, காலத்துக்குக் காலம் செய்யும் சோதனைகள், தேய்மானம் யாவும் இதற்கு மேல்.

இனி எரிபொருள். 20,000 கிலோகிராமை 12,960 கிலோமீட்டரால் வகுத்தால், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1.55 கிலோகிராம். மணிக்கு 900 கிலோமீட்டர் சென்றால் சுமார் 1,400 கிலோகிராம், அதாவது 1,750 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் மணிக்கு 1.75 லட்சம் ரூபாய்.

விமானம் ஆண்டில் 200 மணி நேரம் பறந்தால், வட்டி மட்டும் மணிக்கு 22 லட்சம் ரூபாய்! 800 மணி நேரம் பறந்தால் அது 5.5 லட்சமாகக் குறையும். சிவகாசி அச்சகத்தாருக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடன் வாங்கிப் போட்ட ஆஃப்செட் இயந்திரம் காலண்டர் வேலை முடிந்து சும்மா நின்றால், காகிதச் செலவும் மைச் செலவும் இல்லை. ஆனால் தவணை நிற்காது. பயணிகள் விமான நிறுவனங்கள் தம் விமானங்களை நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் பறக்க வைக்க முயல்வதும் இதற்காகவே. சொந்த விமானமோ முதலாளியை இறக்கிவிட்டுப் பல வேளைகளில் காலியாகவே திரும்புகிறது.

ரூபாய்க் கணக்கைச் சொந்தக்காரர் பார்த்துக்கொள்வார். மற்றொரு கணக்கு நம் எல்லோருக்கும் உரியது. 1 கிலோகிராம் விமான எரிபொருள் எரிந்தால் சுமார் 3.16 கிலோகிராம் கார்பன்-டை-ஆக்சைடு வெளியாகும். ஜி-650இல் 8 பேர் சென்றால் ஒருவருக்குக் கிலோமீட்டருக்கு 0.19 கிலோகிராம் எரிபொருள். 180 பேர் நிறைந்த பயணிகள் விமானத்தில் இது ஏறக்குறைய 0.015 கிலோகிராம். பத்து மடங்குக்கு மேல் வேறுபாடு! ஒருவரே தனியாகச் சென்றால் நூறு மடங்கு. நேரம் மிச்சமாவது சொந்தக்காரருக்கு. புகை கலப்பது எல்லோரும் சுவாசிக்கும் காற்றில். விமானத்தின் திறனை வியக்கும்போது, அதில் எத்தனை பேர் செல்கிறார்கள் என்பதையும் கேட்பதே முழுமையான கணக்கு.

நீங்களே கணக்கிடுங்கள்

1. ஜி-650இன் சன்னல் ஒன்றின் பரப்பு சுமார் 0.29 சதுர மீட்டர். உயரத்தில் அதன்மேல் வெளிநோக்கிச் செயல்படும் விசை எவ்வளவு?

2. நான்கு பேர் இவ்விமானத்தில் சென்னையிலிருந்து லண்டன் செல்கின்றனர். ஒருவர் பங்குக்கு எரிபொருள் எவ்வளவு? அதனால் உண்டாகும் கார்பன்-டை-ஆக்சைடு எவ்வளவு?

3. ஆண்டில் 400 மணி நேரம் பறந்தால், மேலே கண்ட வட்டி மணிக்கு எவ்வளவு?

விடைகள்: 1. சுமார் 21,500 நியூட்டன் (ஏறக்குறைய 2.2 டன் எடைக்குச் சமம்). 2. சுமார் 3,180 கிலோகிராம். சுமார் 10,000 கிலோகிராம். 3. 11 லட்சம் ரூபாய்.