காய்ச்சலும் காதும் கைப்பேசியும்

‘கேள்வி’ என்று ஓர் அதிகாரமே வகுத்துச் செவியின் பெருமையை உணர்த்தினார் திருவள்ளுவர். அத்தகைய செவிச் செல்வத்தைச் சில காய்ச்சல்கள் நாம் அறியாமலே கவர்ந்து செல்கின்றன. அதை உடனே கண்டுகொள்ளக் கைப்பேசி எவ்வாறு துணை செய்யும் என்று காண்போம்.

நம் உட்செவியில் நத்தைக் கூடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. அதற்குக் காக்ளியா என்று பெயர். அதிலுள்ள சுமார் 15,000 நுண்ணிய மயிரணுக்களே ஒலியை நரம்புக்கு அறிவிக்கின்றன. அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பொன்னுக்கு வீங்கி, தட்டம்மை ஆகிய நோய்களின் வைரஸ்கள் உட்செவியைத் தாக்கக்கூடும். கர்ப்பிணிக்கு ரூபெல்லா கண்டால், பிறக்கும் குழந்தை செவித்திறன் இழந்து பிறக்கலாம். கோவிட் கண்ட சிலரிடமும் திடீர்ச் செவித்திறன் குறைவை மருத்துவர்கள் கண்டிருக்கின்றனர்.

பொன்னுக்கு வீங்கியால் கெடுவது பெரும்பாலும் ஒரு காது மட்டுமே. ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. மற்றக் காது நன்றாகக் கேட்பதால் வீட்டார்க்கும் தெரிவதில்லை. நோயுற்ற சிறுமிக்கும் தெரிவதில்லை. பின்னர் வகுப்பில், கேட்காத பக்கத்திலிருந்து நாம் அழைக்கும்போது அவள் திரும்புவதில்லை. “கவனமில்லாதவள்” என்று நாமும் ஏசிவிடுகிறோம்!

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா பல்கலைக்கழக அறிஞர்கள் இதற்குதவும் கைப்பேசிச் சோதனை ஒன்றை உருவாக்கினர். அதன் அடிப்படையில், 2019 மார்ச் 3, உலகச் செவித்திறன் நாளையொட்டி, உலகச் சுகாதார நிறுவனம் ‘ஹியர் ஹூ’ என்னும் செயலியை வெளியிட்டது. இரைச்சலுக்கு நடுவே மூன்று எண்கள் ஒலிக்கும். கேட்டவற்றை நாம் அழுத்த வேண்டும். இரைச்சலோடு ஒப்பிடப் பேச்சு எந்த அளவில் ஒலித்தால் நமக்கு விளங்குகிறது என்பதே கணக்கு. ஆகவே சாதாரணக் கைப்பேசியே போதும்.

நலமாயிருக்கும்போதே ஒரு முறை சோதித்து, மதிப்பெண்ணைத் தேதியுடன் குறித்து வைக்க வேண்டும். காய்ச்சலின்போதும், அது விட்ட பின்னும், அதே செவிபேசியைக் கொண்டு மீண்டும் சோதிக்கலாம். நம் பள்ளிகொண்டாவில் நெடுஞ்சாலை லாரிகளின் ஓசை எட்டாத அறையே இதற்கு ஏற்றது. அத்துடன் கைப்பேசியை ஒவ்வொரு காதிலும் தனித்தனியே வைத்து, ஒரே குரலைக் கேட்டு ஒப்பிட வேண்டும்.

மதிப்பெண் குறைந்தாலோ, ஒரு காது மந்தமானாலோ, காதில் இரைச்சலோ தலைச்சுற்றலோ தோன்றினாலோ, “சளிதானே, தானே சரியாகும்” என்று காத்திருக்கலாகாது. அது சளி அடைப்பா, நரம்புக் கோளாறா என்று மருத்துவரே பிரித்தறிவார். திடீர்ச் செவித்திறன் இழப்புக்கு முதல் சில நாட்களிலேயே சிகிச்சை தொடங்குவது நல்லது. இரண்டு வாரம் கடந்தால் பலன் குறையும். எல்லாருக்கும் கேள்வித்திறன் மீளும் என்பதற்கில்லை. அருகிலுள்ள வேலூரில் அரசு மருத்துவமனையும், சி.எம்.சி. மருத்துவமனையும் இருப்பது நம் நற்பேறு.

வருமுன் காப்பதே சிறந்தது. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் 9 மாதம் நிறைந்த, 15 வயதுக்குட்பட்டோர்க்குத் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. தம்பி தங்கையருக்குத் தவறாமல் தடுப்பூசி போடச் செய்வோம்.

தோழியரே, அழைத்தும் திரும்பாதவளை இனி ஏசாதிருப்போம். அவளது மறுபக்கம் சென்று, மீண்டும் ஒருமுறை அழைத்துப் பார்ப்போம்.