காற்றுக்கு ஒரு நியாயம், நீராவிக்கு ஒரு நியாயம்

தெர்மோவில் எல்லோரும் படித்திருப்போம், ஆனாலும் பரீட்சையில் கோட்டை விடுவோம். அப்படி ஒரு பாடத்தைத்தான் இந்த முறை எடுத்திருக்கேன்: மூடிய அமைப்பில் வெப்பமும் வேலையும்.

முதலில் என் கதையைச் சொல்லிடறேன். முதல் இன்டர்னலில் ஒரு பதிமூணு மார்க் கேள்வி. சிலிண்டரில் நீராவி, நிகழ்வு ஐசோதெர்மல். அந்த வார்த்தையைப் பார்த்ததும் கை தானாகவே "வெப்பநிலை மாறவில்லை, எனவே அக ஆற்றல் மாற்றம் பூஜ்யம்" என்று எழுதிவிட்டது. பேப்பர் திரும்பி வந்தபோது பதிமூணுக்கு இரண்டு. எழுதின வரி காற்றுக்குச் சரி, நீராவிக்குத் தப்பு. ஏன் தப்பு என்று புரிந்த பிறகுதான் இந்த யூனிட்டே எனக்குப் பிடிபட்டது.

ஒரே ஒரு சமன்பாடு

மூடிய அமைப்பு என்றால் நிறை உள்ளே வராது, வெளியே போகாது. வெப்பமும் வேலையும் மட்டும்தான் எல்லையைத் தாண்டும். பிஸ்டன் போட்ட சிலிண்டர், இறுக்கி மூடின தொட்டி, இரண்டுமே இந்த வகைதான். இதற்கு முதல் விதி:

வெப்பம் = வேலை + அக ஆற்றல் மாற்றம்

உள்ளே வரும் வெப்பம் பிளஸ், வெளியே போகும் வேலை பிளஸ். இந்த விதி காற்றா, நீராவியா என்று பார்க்காது. இரண்டுக்கும் ஒன்றுதான். அக ஆற்றலை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம் வரும்.

இன்னொரு விஷயமும் நினைவில் இருக்கட்டும். அக ஆற்றல் ஒரு நிலைப் பண்பு, தொடக்கமும் முடிவும் தெரிந்தால் போதும். வெப்பமும் வேலையும் அப்படியில்லை, போகிற பாதையைப் பொறுத்து மாறும். அதனால்தான் கேள்வியில் நிகழ்வின் பெயரைக் கொடுக்கிறார்கள்.

காற்று: நான்கு பாதை, நான்கு விடை

1 கிலோ காற்று, 1 பார், 300 கெல்வின். பருமன் 0.861 கன மீட்டர். இதை இரண்டு மடங்காக விரிக்கிறோம். காற்றின் வாயு மாறிலி 0.287, பருமன் மாறாத நிலையில் வெப்ப ஏற்புத்திறன் 0.718, காமா 1.4. விடைகள் கிலோ ஜூலில்:

- அழுத்தம் மாறாமல்: வேலை 86.1, அக ஆற்றல் மாற்றம் 215.4, வெப்பம் 301.5. முடிவில் 600 கெல்வின்.
- வெப்பநிலை மாறாமல்: வேலை 59.7, அக ஆற்றல் மாற்றம் 0, வெப்பம் 59.7.
- பாலிட்ரோபிக், அடுக்கு 1.2: வேலை 55.7, அக ஆற்றல் மாற்றம் மைனஸ் 27.9, வெப்பம் 27.8. முடிவில் 261 கெல்வின்.
- அடியாபாட்டிக்: வேலை சுமார் 52, அக ஆற்றல் மாற்றம் மைனஸ் 52, வெப்பம் 0. முடிவில் 227 கெல்வின்.

நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்க. அழுத்தம்-பருமன் வரைபடத்தில் கோடு செங்குத்தாக இறங்க இறங்க அதன் கீழ் உள்ள பரப்பு குறைகிறது, வேலையும் குறைகிறது.

மூன்றாவது வரியில் கொஞ்சம் நில்லுங்க. வெப்பம் 27.8 உள்ளே போயிருக்கு, ஆனால் காற்று 39 டிகிரி குளிர்ந்திருக்கு! "சூடு கொடுத்தா சூடாகணுமே, எங்கேயோ மைனஸ் விட்டுட்டோம்" என்று விடையை அடித்துவிடுகிறவர்கள் நிறைய. அடிக்காதீங்க. பிஸ்டன் 55.7 கேட்கிறது, வெளியிலிருந்து வந்தது அதில் பாதிதான். மீதியைக் காற்று தன் கையிருப்பிலிருந்து கொடுக்கிறது. வரவை மீறின செலவு, அவ்வளவுதான். அடுக்கு 1-க்கும் 1.4-க்கும் நடுவில் இருந்தால் காற்று விரியும்போது எப்பவும் இப்படித்தான் நடக்கும்.

"அக ஆற்றல் மாற்றம் பூஜ்யம்" எங்கிருந்து வந்தது?

1845-இல் ஜேம்ஸ் ஜூல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு பாத்திரத்தில் அழுத்தப்பட்ட காற்று, இன்னொன்றில் வெற்றிடம், இரண்டையும் தண்ணீரில் மூழ்கவைத்து நடுவில் இருந்த குழாயைத் திறந்தார். காற்று பாய்ந்து பரவியது. தண்ணீரின் வெப்பநிலையில் மாற்றம் தெரியவில்லை. வெப்பம் இல்லை, வேலையும் இல்லை, ஆகவே அக ஆற்றல் மாறவில்லை. பருமன் மாறியும் வெப்பநிலை மாறவில்லை. அப்படியென்றால் நல்லியல்பு வாயுவின் அக ஆற்றல் வெப்பநிலையை மட்டும் பொறுத்தது.

"நல்லியல்பு வாயு" என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டுக்கோங்க. அதன் மூலக்கூறுகளுக்குள் ஈர்ப்பு இல்லை என்று வைத்துக்கொள்கிறோம். நீரில் அந்த ஈர்ப்பு பலமாக இருக்கு. நீர் ஆவியாவது என்பதே அந்தப் பிடியை உடைக்கிற வேலைதான்.

நீராவி: அதே பெயர், வேறு கணக்கு

5 பாரில் 1 கிலோ தெவிட்டிய நீர், வெப்பநிலை 151.8 டிகிரி செல்சியஸ். அழுத்தம் மாறாமல் முழுவதும் உலர் தெவிட்டிய நீராவியாக மாற்றுகிறோம். வெப்பநிலை கடைசி வரை 151.8 தான். அதாவது இது ஐசோதெர்மல்.

வேலை: 5 பார் என்றால் 500 கிலோ பாஸ்கல். பருமன் 0.0011-இலிருந்து 0.3748-க்குப் போகிறது. பெருக்கினால் சுமார் 187 கிலோ ஜூல்.
வெப்பம்: டேபிளில் உள்ள உள்ளுறை வெப்பம், 2108 கிலோ ஜூல்.
அக ஆற்றல் மாற்றம்: 2108 − 187 = 1921 கிலோ ஜூல்.

நான் பூஜ்யம் போட்ட இடத்தில் இருக்க வேண்டியது 1921! கொடுத்த வெப்பத்தில் சுமார் 91 சதவீதம் மூலக்கூறுகளைப் பிரிப்பதற்கே போய்விட்டது. பிஸ்டனுக்குக் கிடைத்தது 9 சதவீதம்.

ஹைப்பர்போலிக் நிகழ்விலும் இதே பள்ளம் இருக்கு. அழுத்தமும் பருமனும் பெருக்கினால் மாறிலி என்றால் காற்றுக்கு அது ஐசோதெர்மலேதான். நீராவிக்கு அப்படிக் கிடையாது. வேலைக்கு அதே மடக்கைச் சூத்திரத்தைப் போடலாம், அக ஆற்றலை மட்டும் டேபிளிலிருந்துதான் எடுக்கணும்.

தொட்டியில் அடைத்த நீராவி

விசில் அடங்கின குக்கர் மேல் தண்ணீர் ஊற்றினால் மூடி சட்டென்று திறக்க வருதே, கவனிச்சிருக்கீங்களா? உள்ளே ஆவி நீராகிறது, பருமன் மாறவில்லை, அழுத்தம் விழுகிறது. அதையே கணக்காகப் பார்ப்போம்.

இறுக்கி மூடின தொட்டியில் 5 பார் உலர் தெவிட்டிய நீராவி, 1 கிலோ. 1 பார் வரை குளிர்விக்கிறோம். தொட்டி அசையாது, வேலை பூஜ்யம். பருமன் 0.3748-ஆகவே இருக்கணும். 1 பாரில் உலர் நீராவிக்கு 1.694 தேவை. எனவே உலர்வுப் பின்னம் 0.221. ஐந்தில் நான்கு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக நீராகிவிட்டது.

தொடக்க அக ஆற்றல் 2561, முடிவில் 417 + 0.221 × 2088, அதாவது சுமார் 878. வெப்பம் மைனஸ் 1683 கிலோ ஜூல், வெளியேறியது.

இங்கே என்தால்பியைக் கழித்தால் மைனஸ் 1832 வரும். வித்தியாசம் 150. அந்த 150 என்ன என்று பார்த்தால், பருமன் 0.3748 பெருக்கல் அழுத்த வீழ்ச்சி 400. அழுத்தம் மாறாதபோது மட்டும்தான் வெப்பம் என்தால்பி மாற்றத்துக்குச் சமம். சில டேபிள்களில் அக ஆற்றலுக்குத் தனிக் கட்டம் இருக்காது. அப்போது என்தால்பியிலிருந்து அழுத்தம் × பருமனைக் கழிச்சுக்கோங்க. அழுத்தம் கிலோ பாஸ்கலில் இருக்கணும், பாரில் போட்டால் போச்சு.

அதே நீராவி மீள் அடியாபாட்டிக்காக 5-இலிருந்து 1 பாருக்கு விரிந்தால்? 1.4 போடக் கூடாது. என்ட்ரோபி மாறாது: 6.821 = 1.303 + உலர்வுப் பின்னம் × 6.056. பின்னம் 0.911. முடிவு அக ஆற்றல் 2320. வேலை 2561 − 2320 = 241 கிலோ ஜூல்.

பேனா எடுக்கும் முன்

1. பொருள் என்ன? நீராவி என்றால் பருமனை டேபிளோடு ஒப்பிட்டு ஈரமா, உலர்ந்ததா, மிகை வெப்பமா என்று முடிவு பண்ணுங்க.
2. எல்லை நகருதா? நகரலைன்னா வேலை பூஜ்யம்.
3. வேலையைப் பாதையிலிருந்து கண்டுபிடிங்க.
4. அக ஆற்றலைக் காற்றுக்கு வெப்பநிலையிலிருந்து, நீராவிக்கு டேபிளிலிருந்து எடுங்க.
5. கடைசியில் இரண்டையும் கூட்டினால் வெப்பம்.

அடுத்த தடவை ஐசோதெர்மல் என்ற வார்த்தையைப் பார்த்தால், எழுதும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எதுக்கு?" அந்த ஒரு கேள்வியை அன்றைக்குக் கேட்டிருந்தால் என் பதினோரு மார்க் எங்கேயும் போயிருக்காது.