நஸீபு, ரிஜ்கு, உதவி: எங்கே தேடுவது?

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி நமக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய கணவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கூலிக்கு வேலை செய்பவர். வேலை இருந்தால் அடுப்பு எரியும். வெள்ளி விலை ஏறி வியாபாரம் படுத்துவிட்டால் அடுப்பும் படுத்துவிடும். வாரவட்டிக்கு வாங்கிய கடன் அறுபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. மூத்த மகள் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டுக் கல்லூரிக்குப் போக ஆசைப்படுகிறாள். கணவரோ, "நமக்கு நஸீபு இல்லை" என்று சொல்லிக்கொண்டு, கள்ளத்தனமாக விற்கும் மூன்று நம்பர் சீட்டில் தினமும் கூலியில் ஒரு பங்கைக் கொண்டுபோய்ப் போடுகிறார். இதற்கிடையில், பணம் வந்து சேரத் தாயத்து எழுதித் தருவதாக ஒருவர் இரண்டாயிரம் ரூபாய் கேட்டிருக்கிறார்.

அச்சகோதரி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். அதிர்ஷ்டம் என்று ஒன்று உண்டா? ஜகாத் வாங்குவது எங்களுக்கு ஆகுமா? உதவி எங்கே கிடைக்கும் என்பதை யாரிடமும் முகம் காட்டாமல் அறிந்துகொள்ள வழி உண்டா? இம்மூன்றும் அவர்களுடைய கேள்விகள் மட்டுமல்ல. எத்தனையோ மஹல்லாக்களில் கதவுக்குப் பின்னால் நின்று கேட்கப்படும் கேள்விகள்தாம் இவை. ஆகவே இம்மாதப் பாடத்தை இதற்கே ஒதுக்கினோம்.

முதலில் நஸீபு. அரபியில் அச்சொல்லுக்குப் 'பங்கு' என்றே பொருள். அல்லாஹ் நமக்கென்று வைத்த பங்கு எதுவோ அது நஸீபு. அது எங்கோ சுற்றித் திரிந்து, சிலர் வீட்டுக் கதவைத் தட்டிச் சிலர் வீட்டைத் தாண்டிப் போகும் ஒரு பேய்க்காற்று அல்ல. பூமியில் ஊர்ந்து திரியும் எந்த உயிருக்கும் உணவளிக்கும் பொறுப்பு அல்லாஹ்வின் மீதே உள்ளது என்று திருக்குர்ஆன் (11:6) அறிவிக்கிறது. பறவைகள் காலையில் காலி வயிற்றோடு புறப்பட்டு மாலையில் நிரம்பிய வயிற்றோடு திரும்புவதை நாயகம் (ஸல்) அவர்கள் தவக்குலுக்கு உதாரணமாகக் காட்டியுள்ளார்கள் (திர்மிதீ). இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பறவை கூட்டில் உட்கார்ந்திருக்கவில்லை, புறப்பட்டுப் போகிறது.

அறியாமைக் காலத்து அரபிகள் பயணம் புறப்படும்போது பறவையை விரட்டிப் பார்ப்பார்கள். வலப்பக்கம் பறந்தால் பயணம். இடப்பக்கம் பறந்தால் வீடு திரும்பல். 'செய்', 'செய்யாதே' என்று எழுதிய அம்புகளை உருவிக் குறி கேட்பார்கள். சகுனம் என்பதே இல்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்துவிட்டார்கள். அவர்களுடைய குழந்தை இப்ராஹீம் வஃபாத்தான அன்று சூரிய கிரகணம் பிடித்தது. அக்குழந்தைக்காகவே கிரகணம் பிடித்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். பெற்ற மகனை அடக்கம் செய்த துக்கத்திலும் நாயகம் (ஸல்) அவர்கள் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிடவில்லை. சூரியனும் சந்திரனும் எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் மறைவதில்லை என்று திருத்தினார்கள் (புகாரீ).

நம்முடைய வீடுகளைப் பார்ப்போம். செவ்வாயும் வெள்ளியும் விளக்கு வைத்த பிறகு பணம் வெளியே போகக்கூடாது. கடன் கேட்டு வந்தவரை நாளைக்கு வரச் சொல். கைம்மாற்று வாங்கியதைக்கூடத் திருப்பிக் கொடுக்காதே! "செவ்வாயோ வெறுவாயோ" என்று ஒரு சொலவடையும் சேர்ந்துகொண்டது. இதைச் செவ்வாய்ப்பேட்டையில் இருந்துகொண்டு சொல்வதுதான் வேடிக்கை. அந்தப் பேட்டைக்குப் பெயர் வந்ததே செவ்வாய்க்கிழமை கூடிய சந்தையால். செவ்வாய்க்கிழமை பணம் கைமாறியதால்தான் அங்கே மண்டிகள் வந்தன, பட்டறைகள் வந்தன, லீ பஜார் வந்தது. அந்த நாள் பணத்துக்கு ஆகாத நாள் என்றால் ஊரே எழுந்திருக்காது! கிழமைகள் அனைத்தும் அல்லாஹ் படைத்தவையே. தவணை நாள் செவ்வாயாக இருந்தால் அன்றைக்கே கடனைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வசதி இருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்று ஹதீஸ் எச்சரிக்கிறது.

இனி சீட்டு. தமிழ்நாட்டில் 1968ஆம் ஆண்டு அரசாங்கமே பரிசுச் சீட்டை நடத்தத் தொடங்கியது. பரிசு விழுந்தால் வீட்டுக்கு லாபம், விழாவிட்டால் நாட்டுக்கு லாபம் என்று அன்று பேசினார்கள். 1975இல் அது நிறுத்தப்பட்டுப் பின்னர் மீண்டும் வந்தது. கடைசியில் 2003 ஜனவரியில் லாட்டரி முழுவதும் தடை செய்யப்பட்டது. நாட்டுக்கு லாபம் என்ற அந்த வாதம் புதியதல்ல. அறியாமைக் காலத்து 'மைஸிர்' சூதாட்டத்தில் ஒட்டகத்தை அறுத்துப் பங்கு வைத்து, அம்பு உருவி வென்றவர்கள் அந்த இறைச்சியை ஏழைகளுக்கே கொடுத்துப் பெருமை பேசுவார்கள் என்று முஃபஸ்ஸிர்கள் எழுதுகிறார்கள். அப்படியிருந்தும், அதில் மனிதர்களுக்குச் சில பலன்கள் உண்டு, ஆனால் அதன் பாவம் பலனைவிடப் பெரியது என்றே திருக்குர்ஆன் (2:219) தீர்ப்பளித்தது. பிறகு 5:90இல் மதுவோடும் குறி கேட்கும் அம்புகளோடும் சேர்த்து அறவே விலக்கியது. ஏழைக்குப் போய்ச் சேர்ந்தாலும் சூது சூதுதான்.

இன்று அண்டை மாநிலக் குலுக்கலின் கடைசி எண்களை வைத்து மறைவாக விற்பதும், கைபேசியில் பணம் கட்டி விளையாடுவதும் அதே அம்புகளே. கைபேசிப் பண விளையாட்டுகளைத் தடுக்க மத்திய அரசே 2025 ஆகஸ்டில் ஒரு சட்டம் இயற்றவேண்டி வந்தது என்றால், எத்தனை குடும்பங்கள் அழுதிருக்க வேண்டும்!

அச்சகோதரியின் கணவருக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பட்டறைக்காரர் எடை போட்டுக் கொடுத்த வெள்ளி அவருடைய கையில் இருக்கும் அமானிதம். நாளை சீட்டு விழும், மீட்டுவிடலாம் என்று அதை அடகு வைக்கும் எண்ணம் வந்துவிட்டால் கடனாளி என்ற நிலை போய் மோசடிக்காரர் என்ற நிலை வந்துவிடும். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் அச்சகோதரி தயங்கித் தயங்கி எழுதியிருப்பதும் இந்தப் பயத்தைத்தான்.

தாயத்து எழுதுகிறவரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பணம் வரவழைக்கும் வித்தை தெரிந்தவர், கடனில் முழுகும் வீட்டில் இரண்டாயிரம் ரூபாய் கேட்பானேன்?

இரண்டாவது கேள்வி ஜகாத் பற்றியது. இதில்தான் நம் மக்களிடம் குழப்பம் மிகுதி. ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரைத் திருக்குர்ஆன் (9:60) எண்ணிச் சொல்கிறது. பக்கீர், மிஸ்கீன் என்ற இருவரோடு கடனில் அகப்பட்டவரும் அந்த எட்டில் ஒருவர். ஹனஃபீ மத்ஹபின் சட்டப்படி, அன்றாடத் தேவைக்கு மேற்பட்டு, கடன் போக, நிஸாபு அளவு பொருள் உள்ளவர் ஜகாத் வாங்கக்கூடாது. வெள்ளியின் நிஸாபு 200 திர்ஹம். அதாவது ஐம்பத்திரண்டரை தோலா, நம் கணக்கில் சுமார் 612 கிராம். கொலுசுப் பட்டறைக்காரர்களுக்கு இந்த எடை கையில் தூக்கினாலே தெரியும்.

அச்சகோதரியின் வீட்டில் 700 கிராம் வெள்ளி இருக்கிறதாம். ஆனால் அதில் 600 கிராம் பட்டறைக்காரருடையது. அது கணக்கில் சேராது. சொந்தமாக இருப்பது ஒரு ஜோடிக் கொலுசும் காதில் கிடக்கும் அரைப் பவுனும். கடனைக் கழித்துப் பார்த்தால் நிஸாபு எட்டவே எட்டாது. அவர்கள் தாராளமாக ஜகாத் பெறலாம். அது பிச்சை அல்ல. செல்வரின் பொருளில் அல்லாஹ் வைத்த அவர்களுடைய பங்கு. நஸீபு என்ற சொல்லை அங்கே பயன்படுத்தினால் பொருந்தும்!

கேட்பதற்கும் வரம்பு உண்டு. பிறருக்காகக் கடனை ஏற்றுக்கொண்டவர், பேரிடரில் பொருளை இழந்தவர், வறுமை வந்துவிட்டது என்று தன் கூட்டத்தாரில் அறிவுடைய மூவர் சாட்சி சொல்லும் நிலையில் உள்ளவர், இம்மூவருக்கே கேட்பது ஆகும் என்று கபீஸா (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள் (முஸ்லிம்). மூவர் சாட்சி என்பதை மஹல்லா ஜமாஅத்துகள் கவனிக்க வேண்டும். விசாரித்துக் கொடுக்கும் பைத்துல்மால் முறைக்கு அதுவே அடிப்படை. ஆனால் விசாரணை வேறு, விளம்பரம் வேறு. தையல் இயந்திரம் ஒன்றைக் கொடுத்துவிட்டு வாங்குகிறவரை மேடையில் நிறுத்திப் புகைப்படம் எடுக்கும் வழக்கம் நமக்குச் சற்றும் பிடிக்கவில்லை. மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது மேலானது என்று திருக்குர்ஆன் (2:271) சொல்லும்போது இந்தப் பந்தல் எதற்கு? வற்புறுத்திக் கேட்காததால், அறியாதவர் செல்வர் என்று எண்ணிவிடும் ஏழைகளைப் பற்றி 2:273 பேசுகிறது. நமக்குக் கடிதம் எழுதியவர் அப்படிப்பட்டவர். அவர் அந்த மேடையில் ஏறமாட்டார், பட்டினியே கிடப்பார்.

அன்ஸாரி ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்த நிகழ்ச்சி அபூதாவூதில் வருகிறது. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். ஒரு போர்வை, ஒரு தண்ணீர்க் குவளை. இரண்டையும் கொண்டுவரச் சொல்லி அங்கேயே ஏலம் கூறி இரண்டு திர்ஹத்துக்கு விற்றார்கள். ஒரு திர்ஹத்துக்கு வீட்டுக்கு உணவு. மற்றதற்கு ஒரு கோடரி. அதற்குக் காம்பைத் தம் திருக்கரத்தாலேயே பொருத்திக் கொடுத்தார்கள். விறகு வெட்டி விற்கும்படியும், பதினைந்து நாள் கண்ணில் படவேண்டாம் என்றும் சொல்லியனுப்பினார்கள். பதினைந்து நாளில் அவர் பத்து திர்ஹம் சம்பாதித்துத் துணியும் உணவும் வாங்கியிருந்தார். முதல் வேலையாக வீட்டில் இருப்பது என்ன என்று கணக்கெடுத்தார்கள் என்பதைப் படிப்பவர்கள் கவனிக்கவேண்டும்.

மூன்றாவது கேள்விக்கு வருவோம். முகம் காட்டாமல் அறிந்துகொள்ள வழி உண்டா? உண்டு, அது பொது நூலகம். சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் அவர்கள் உள்ளிட்டோர் பாடுபட்டதன் பலனாக, 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கப்படுகிறது. வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகை வழியாக அதைக் கட்டியவர்தான். ஆகவே நூலகத்தில் உட்கார்ந்து படிப்பது எவருடைய தயவும் அல்ல.

அங்கே போனால் இரண்டு விதமான அலமாரிகள் கண்ணில் படும். எண் கணிதம், ராசிக்கல், கனவுப் பலன் போன்றவை அட்டை கிழிந்து, ஓரம் கறுத்து, பலர் கைபட்டு நிற்கும். அவற்றைத் தாண்டிப் போகவேண்டும். சட்டம், தொழில், கல்வி வழிகாட்டி ஆகிய நூல்கள் பெரும்பாலும் புதுக்கருக்குக் கலையாமல் இருக்கும். நமக்கு வேண்டியது அங்கேதான். கந்துவட்டி, மீட்டர் வட்டி போன்றவற்றைக் குற்றமாக்கிய தமிழ்நாட்டுச் சட்டம் 2003இல் வந்தது. வாரவட்டிக்காரர் வாசலில் நின்று சத்தம் போடும்போது, அப்படியொரு சட்டம் இருப்பதை அறிந்த பெண்ணின் குரல் வேறுமாதிரி இருக்கும்.

மார்க்க நூல்களும் அங்கே உண்டு. மௌலானா அப்துல் ஹமீது பாகவி அவர்களின் திருக்குர்ஆன் தமிழாக்கம் கிடைத்தால், கடனை எழுதி வைக்கும்படி கட்டளையிடும் 2:282ஐ மகளை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அது. இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ரியாளுஸ் ஸாலிஹீனில் போதுமென்ற மனம் பற்றியும் கைத்தொழிலின் சிறப்பு பற்றியும் தனித்தனிப் பாடங்கள் உள்ளன. கணவருக்கு அவை பொருந்தும்.

அரசு உதவிகளில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவி மேற்படிப்புக்குச் சென்றால் மாதம் 1000 ரூபாய் வழங்கும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. இதில் வட்டி இல்லை, சந்தேகமும் இல்லை. விண்ணப்பத்தைக் கல்லூரி வழியாகவே அனுப்ப வேண்டும். சேர்க்கைக்குப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்ற சாதிச் சான்றிதழ் கையில் இருக்கவேண்டும். 2007 முதல் நமக்கு மூன்றரை விழுக்காடு தனி ஒதுக்கீடு அதன்மேல்தான் நிற்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம், நன்கொடையாகத் திரட்டும் தொகைக்கு ஏற்ப அரசு மானியம் பெற்று, ஏழைப் பெண்களின் சிறுதொழிலுக்கு உதவுகிறது. ஆட்சியர் அலுவலகத்தில் சிறுபான்மையினர் நலப் பிரிவில் விசாரிக்கலாம். 1999இல் ஏற்பட்ட டாம்கோ கழகம் தருவது கடன். வட்டி குறைவு என்றாலும் வட்டி வட்டியே; படிவத்தை முழுவதும் படித்து, ஓர் ஆலிமிடம் காட்டாமல் கையெழுத்துப் போடக்கூடாது.

வட்டியில்லாக் கடன் நம் ஊர்களில் கைகூடாத கனவு என்பவர்கள் உண்டு. தேவபந்தில் 1961லும், ஹைதராபாத்தில் 1966லும் முஸ்லிம்கள் இதற்கென்றே நிதிகளை ஏற்படுத்தி நடத்திக் காட்டினார்கள். நூறு வீடுகள் உள்ள மஹல்லாவில், வீட்டுக்கு மாதம் நூறு ரூபாய் சேர்ந்தால் ஆறே மாதத்தில் அறுபதாயிரம் ஆகிறது. அது அச்சகோதரியின் கடன் முழுவதும். வாரவட்டிக்காரரின் கணக்கை முடித்துவிட்டு, மாதம் இவ்வளவு என்று ஜமாஅத்துக்குத் திருப்பிக் கட்டலாம். செவ்வாய்ப்பேட்டை ஜமாஅத்தார் இதைப் படிப்பார்களென்றால் நாம் பெயர் சொல்லாத அந்த வீடு எது என்று தேடவேண்டாம். அப்படிப்பட்ட வீடுகள் எல்லாவற்றுக்கும் திறந்திருக்கும் ஒரு பெட்டியை வைத்தால் போதும்.

அச்சகோதரிக்குத் தனியாகவும் பதில் எழுதிவிட்டோம். தாயத்துக்குக் கேட்ட இரண்டாயிரத்தில் மகளின் சான்றிதழ்களுக்கு நகல் எடுங்கள், மிச்சத்தை அசலில் கட்டுங்கள். கடன் வாங்கியது, கட்டியது இரண்டையும் ஒரே தாளில் தேதியோடு எழுதுங்கள். கணவரையும் அழைத்துக்கொண்டு ஒருநாள் நூலகத்துக்குப் போங்கள். வாரவிடுமுறை பெரும்பாலும் வெள்ளியன்று இருக்கும். செவ்வாய்க்கிழமை போங்கள்.