போன குடும்பமும் வந்த குடும்பமும்

ஊரை விட்டு வெளிக்கிட்டபோது நீங்கள் ஒரே குடும்பமாக இருந்திருப்பீர்கள். ஒரு வளவு, ஒரு கிணறு, ஒரு குடும்ப அட்டை. இன்று அதே வளவுக்கு மூன்று குடும்பங்களாகத் திரும்பி வருகிறீர்கள். வயதான தாய் தகப்பன் ஒரு குடும்பம். முகாமில் இருந்தபோது திருமணம் செய்த மகள் ஒரு குடும்பம். கணவனைத் தேடிக்கொண்டே பிள்ளைகளை வளர்த்த மூத்த மகள் இன்னொரு குடும்பம். காணி மட்டும் இன்னமும் அப்பப்பாவின் பெயரில் இருக்கிறது.

மீள்குடியேறிய கிராமங்களில் எழும் பிணக்குகள் பல இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. குடும்பம் மாறிவிட்டது, பத்திரம் மாறவில்லை. குடும்பம் எப்படி மாறி வந்தது என்று விளங்கிக்கொண்டால், யாரையும் குறை சொல்லாமல் இதைப் பேசித் தீர்க்கலாம்.

பாட்டன் பாட்டி காலம்

“அந்தக் காலத்தில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய நாற்சார் வீடுகளில் பல தலைமுறைகள் சேர்ந்து வாழ்ந்தது உண்மை. ஆனால் அந்தக் காலத்திலும் எல்லாச் சொத்தும் ஆண்களின் கையில் இருக்கவில்லை. 1707 இல் ஒல்லாந்தர் ஆட்சியில் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை, சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று மூன்றாகப் பிரித்தது. சீதனம் பெண்ணின் சொத்து. மகளுக்கு வீடும் வளவும் எழுதிக் கொடுப்பதும், மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து வாழ்வதும் யாழ்ப்பாணத்தில் வழக்கம். மட்டக்களப்புப் பக்கத்திலும், தமிழர் முஸ்லிம்கள் இரு பகுதியாரிடமும், வீடு மகளுக்கே போகும்.

ஆகவே “வீடு மகளுக்கு எதற்கு?” என்று யாராவது கேட்டால், அது நமது பழைய வழக்கத்துக்குப் பொருந்தாத கேள்வி.

தாய் தகப்பன் காலம்

1935 இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. அதன் கீழ் அரச காணி பெற்றுப் பலர் வன்னிக் குடியேற்றத் திட்டங்களுக்குப் போனார்கள். அங்கே பெரிய குடும்பம் இல்லை. கணவன், மனைவி, பிள்ளைகள், வயல் என்ற சின்னக் குடும்பம்தான். 1945 இல் இலவசக் கல்வி வந்தது. பெண்பிள்ளைகளின் படிப்புக் கூடியது, திருமண வயதும் கூடியது. 1950களில் இலங்கைத் தாய் ஒருவருக்குச் சராசரியாக ஐந்து பிள்ளைகளுக்கு மேல். இப்போது இரண்டளவில்தான்.

போர் வந்திராவிட்டாலும் உங்கள் குடும்பம் உங்கள் பாட்டியின் குடும்பத்தைப் போல இருந்திராது. போர் அந்த மாற்றத்தை, ஆயத்தமாக நேரம் தராமல், வலியோடு கொண்டுவந்தது.

உங்கள் காலம்

இடம்பெயர்வு குடும்பங்களைப் பல விதமாக மாற்றியிருக்கிறது. பெண்ணே உழைத்து, பெண்ணே முடிவெடுக்கும் குடும்பங்கள் கூடியிருக்கின்றன. பேரப்பிள்ளைகளை அம்மம்மாவே தாயாக நின்று வளர்க்கிறார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில், மூத்தவர்கள் ஊருக்கு வர விரும்ப, புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் அங்கேயே இருக்க விரும்புகிறார்கள். தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து வருபவர்களுக்கோ, பிள்ளைகள் பிறந்த நாடு ஒன்று, பெற்றோர் பிறந்த நாடு இன்னொன்று.

இவை எவையும் “உடைந்த குடும்பங்கள்” அல்ல. இவையும் குடும்பங்களே. உங்கள் குடும்பம் இன்று எப்படி இருக்கிறதோ, அப்படியே பதிவாக வேண்டும். அதுதான் முக்கியம்.

பத்திரங்களைச் சரிசெய்ய

குடும்ப அட்டை: திருமணம் செய்து தனியாகச் சமைத்து வாழும் பிள்ளைகள் இருந்தால் கிராம அலுவலரிடம் தனிக் குடும்பமாகப் பதியக் கேளுங்கள். உதவிகள் பெரும்பாலும் அட்டையைப் பார்த்தே கணக்கிடப்படும். குடும்பத்தை நடத்துபவர் பெண் என்றால் குடும்பத் தலைவராக அவரின் பெயரையே கொடுங்கள். தம்பியின் பெயரையோ மருமகனின் பெயரையோ போடத் தேவையில்லை.

காணாமற்போன கணவன்: மரணச் சான்றிதழ் எடுக்க மனம் வராத குடும்பங்கள் பல உள்ளன. 2016 இல் கொண்டுவரப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, இறந்தவர் என்று பதியாமல், காணாமற்போனவர் என்று காட்டும் சான்றிதழைப் பெறலாம். அதை எடுப்பதால் தேடுவதை நிறுத்தியதாக ஆகாது.

சீதனக் காணி: தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்கவோ எழுதிக் கொடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கணவன் இருக்கும் இடம் தெரியாவிட்டால், அல்லது அவர் கைவிட்டுப் போயிருந்தால், அதே சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். வழியில்லை என்று யாரும் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

அனுமதிப்பத்திரக் காணி: அரச காணிக்குப் பத்திரம் வைத்திருப்பவர் தமக்குப் பின் யாருக்கு என்று பின்னுரித்தாளரின் பெயரைப் பதியலாம். பெயர் பதியாவிட்டால், நெடுங்காலமாக ஆண்பிள்ளைகளே முதலில் வந்தார்கள். 2022 இல் சட்டம் திருத்தப்பட்டு அந்த ஆண், பெண் வேறுபாடு நீக்கப்பட்டது. பிரதேச செயலகக் காணிப் பகுதியில் விசாரித்து, பெயர் பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தியாவில் பிறந்த பிள்ளைகள்: பிறப்புச் சான்றிதழோடு இலங்கைக் குடியுரிமைப் பதிவும் வேண்டும். பாடசாலை, அடையாள அட்டை என்று வரும்போது தேடி அலையாமல் இப்போதே விண்ணப்பியுங்கள்.

எல்லோருக்கும் ஒரே சட்டம் இல்லை என்பதையும் கவனத்தில் வையுங்கள். தேசவழமை வடமாகாணத் தமிழருக்கு உரியது. முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கு வேறு சட்டம். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்களுக்குப் பொதுச் சட்டம் பொருந்தலாம். பக்கத்து வளவில் நடந்தது போலவே உங்களுக்கும் நடக்கும் என்று எண்ணாமல், சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கேட்டு அறியுங்கள். வசதி குறைந்தவர்களுக்கு அங்கே இலவச உதவி உண்டு.

வீட்டில் செய்து பாருங்கள்

வேலி அடைக்கவும் அத்திவாரம் வெட்டவும் முன்னர், ஒரு மாலை எல்லோரும் கூடி இருங்கள். பிள்ளைகளின் கொப்பியில் ஒரு தாளை எடுத்து, பாட்டன் பாட்டி, தாய் தகப்பன், நீங்கள் என்று மூன்று தலைமுறையின் பெயர்களையும் எழுதுங்கள். இறந்தவர்களையும், காணாமற்போனவர்களையும், வெளிநாட்டில் இருப்பவர்களையும் விடாமல் எழுதுங்கள். பெரியவர்கள் சொல்லட்டும், பிள்ளைகள் எழுதட்டும். பிறகு இந்த நான்கு கேள்விகளையும் பேசுங்கள்.

1. இந்த வளவு இப்போது யார் பெயரில் இருக்கிறது? உறுதியா, அனுமதிப்பத்திரமா?
2. இதில் பங்குள்ளவர்கள் யார், யார்? வெளியூரில் இருப்பவர்களின் விருப்பம் தெரியுமா?
3. மகளுக்கென்று முன்னர் சொல்லி வைத்த பகுதி எழுத்தில் இருக்கிறதா?
4. இன்று நாங்கள் எத்தனை குடும்பங்கள்? அட்டையில் எத்தனை?

மூன்றாவது கேள்வியில் பேச்சுச் சூடாகலாம். அன்றே முடிவெடுக்க வேண்டியதில்லை. ஆனால் அம்மாவும் அப்பாவும் இருக்கும்போதே பேச வேண்டியது அது. அவர்கள் வாயால் சொல்வதை நாளைக்கு வேறு யாரும் சொல்ல முடியாது.