பலிகடாவும் போக்காடும்

உலக வழக்கிற் பயிலும் சொற்களுட் சில, தாம் பிறந்த இடத்தை மறந்து பிறிதொரு பொருளைச் சுமந்து திரிகின்றன. அவற்றுள் 'பலிகடா' என்பது ஒன்று. முன்னாளிற் பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் நடத்திய வட்டிக்கடையொன்றில், மேலாள் செய்த கணக்குப் பிழை பெட்டியடிப் பையன் தலையில் விழுந்ததென வைத்துக்கொள்வோம். அப்பையனைப் பலிகடா என்போம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

பலி என்பது வடசொல். பண்டைத் தமிழில் அது கொலையை மட்டும் குறித்ததன்று. காக்கைக்கு இட்ட சோறும் பலியே. தேவாரத்திற் சிவபெருமான் ஏற்கும் பிச்சையும் பலியே. கடா என்பது ஆட்டிற்கும் எருமைக்கும் பொதுவான ஆண்பாற் பெயர். தொல்காப்பிய மரபியல் ஆட்டின் ஆணுக்கு மோத்தை, தகர், உதள், அப்பர் என நான்கு பெயர் கூறுகின்றது. அவற்றுட் கடா இல்லை. 'பலிக்கடா' என வல்லெழுத்து மிகுதலே தமிழ் முறை. மிகாது வழங்குதல் பலிபீடம் போன்ற வடமொழித் தொடரின் ஓசையைப் பின்பற்றியது போலும்.

இனி, பொருளை ஆராய்வோம். காரைக்குடியைச் சூழ்ந்த சிற்றூர்களிற் காவல் தெய்வங்களுக்கு வெட்டப்படும் கடா, எவர் குற்றத்தையும் சுமப்பதில்லை. அது நேர்த்திக்கடன். மாலையிட்டு மஞ்சள் நீர் தெளிக்க, அது உடலைச் சிலிர்த்தால் உத்தரவு கிடைத்ததென்பர். (சிலிர்க்கும்வரை தெளிப்பதும் உண்டு!) இவ்வழக்கத்தைத் தடுத்த 1950ஆம் ஆண்டுச் சட்டம் 2004இல் நீக்கப்பட்டது.

அங்ஙனமாயின், பழி சுமத்தல் என்னும் பொருள் எங்கிருந்து வந்தது? லேவியராகமம் பதினாறாம் அதிகாரத்தில் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் வருகின்றன. சீட்டுப் போட்டு ஒன்றைப் பலியிடுவர். மற்றதன் தலைமேல் ஆசாரியன் இரு கைகளையும் வைத்து, மக்களின் பாவங்களை அறிக்கையிட்டு, அதனை வனாந்தரத்திற்கு ஓட்டிவிடுவான். பாவஞ் சுமந்தது உயிரோடு போன இவ்விரண்டாவது ஆடே. 1530இல் டிண்டேல் என்பார் இதற்கு ஆங்கிலத்தில் ஒரு புதுச்சொல் படைத்தார். தமிழ் வேதாகமமோ 'போக்காடு' என அழகுற மொழிபெயர்த்துள்ளது. ஆங்கிலச் சொல்லின் பொருளைத் தமிழிற் கூற விழைந்தோர், போக்காட்டை விட்டு, வெட்டுண்ட ஆட்டின் பெயரையே எடுத்துக்கொண்டனர் என்பது என் கருத்து. ஓர் ஆட்டின் சுமை மற்றோர் ஆட்டின் தலையில் ஏறிற்று. சொல்லே பலிகடா ஆயிற்று!

எனினும் இத்தவற்றால் தமிழுக்கு நட்டமில்லை. போக்காட்டுக்கு மாலை இல்லை. நம் கடாவுக்கு உண்டு. தணிக்கையாளர் வருவதற்கு முந்திய வாரம் ஒருவனுக்குத் திடீரெனப் பொருளாளர் பதவி அளித்துக் கைதட்டுவார்களாயின், ஊரார் அவனைப் பலிகடா என்று சொல்வரேயன்றிப் போக்காடு என்று சொல்லார்.