எழுதுவதைப் பாடு, பாடுவதை எழுது

பி.ஏ. இசையில் வாய்ப்பாட்டு எடுத்துச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு, இதே பாடத்தை நடத்தி ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் சொல்வது இது. குருகுலத்தில் இருந்த பிள்ளைக்கு விடியற்காலைச் சாதகம் தொடங்கி, ராத்திரி குருவுக்குத் தம்பூரா தூக்கிக்கொண்டு கச்சேரிக்குப் போவது வரை நாள் முழுக்கப் பாட்டு காதில் விழுந்துகொண்டே இருக்கும். எல்லாருக்கும் அது வாய்க்காது. சிதம்பரத்தில் 1929-இல் இசைக் கல்லூரி வந்தது. சென்னையில் 1949-இல் முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு அரசு இசைக் கல்லூரி வந்தது. நம்மைப் போன்றவர்களுக்கும் பெஞ்சில் இடம் கிடைத்தது. ஆனால் கல்லூரியில் மணி அடித்தால் பாட்டு நின்றுவிடும். மணிக்குப் பிறகு செய்ய வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. முதல் மாதமே உங்கள் கட்டையைக் கண்டுபிடியுங்கள். வகுப்பில் இருபது பேருக்கும் சேர்த்து ஒரே சுருதி வைத்துத்தான் பாடம் நடக்கும். வேறு வழி இல்லை. ஆனால் அதுவே உங்கள் சுருதி என்று நினைத்துவிடாதீர்கள். நான் படித்தபோது, நன்றாகப் பாடும் சீனியர் அக்கா ஐந்தரைக் கட்டையில் பாடுகிறாரே என்று நானும் ஐந்தரை வைத்துக்கொண்டேன். இரண்டாம் வருஷ பிராக்டிகலில் மேல் ஷட்ஜத்துக்கு மேலே தொண்டை பிசிறடித்தது. தேர்வாளர் எதுவும் சொல்லாமல் சுருதிப் பெட்டியை நாலரைக்கு இறக்கி, "இப்ப பாடும்மா" என்றார். பாடினேன். ஒன்றரை வருஷம் இன்னொருத்தர் குரலில் பாடிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் புரிந்தது. கீழே மந்தர பஞ்சமமும் மேலே தார மத்யமமும் கத்தாமல் நிற்கிற கட்டை எதுவோ, அதுதான் உங்களுடையது.

2. சரளி வரிசைக்குத் திரும்பிப் போக வெட்கப்படாதீர்கள். கீர்த்தனை பாடுகிறவள் மாயாமாளவகௌளையில் ஸரிகமவா என்று கேட்பார்கள், கேட்கட்டும். மூன்று காலத்திலும் பாடுங்கள், பிறகு அதையே அகாரத்தில் பாடுங்கள். சுருதியோடு அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் தினமும் உட்கார வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணி நேரம் பாடி வாரக் கணக்கைத் தீர்க்க முடியாது.

3. நொட்டேஷனை நம்பிப் பாடாதீர்கள். தோடியில் "க" என்று ஒரே எழுத்துத்தான் இருக்கும். பாடும்போது அது ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஆடுகிற ஆட்டத்தை எந்த எழுத்திலும் அடைக்க முடியாது. சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினியில் கமகங்களுக்கென்றே தனிக் குறிகள் போட்டார். அந்தக் குறியைப் படிக்கக்கூட முதலில் அந்த அசைவைக் காதால் கேட்டிருக்க வேண்டும்.

4. தியரித் தாளில் எழுதுவதையெல்லாம் ஒருமுறை பாடிப் பாருங்கள். இந்தப் படிப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது. தர்பாரும் நாயகியும் 22-ஆவது மேளமான கரகரப்ரியாவில் பிறந்தவை என்று எழுதினால் மதிப்பெண் வரும். வைவாவில் "இரண்டையும் பாடிக் காட்டு" என்றால்தான் சங்கடம். தர்பாரில் காந்தாரத்தை இரட்டித்துத் துள்ளி இறங்குவதையும், நாயகி அவசரமில்லாமல் நடப்பதையும் பாடிக் காட்டத் தெரிந்தவருக்குக் கேள்வி எப்படி வந்தாலும் பயமில்லை. கடபயாதியும் அப்படித்தான். மாயாவுக்கு ம ஐந்து, ய ஒன்று, திருப்பிப் போட்டால் 15 என்று கணக்குச் சொன்னால் போதாது. 15-ஐப் பாடிவிட்டு, அதே மற்ற ஸ்வரங்களோடு பிரதி மத்யமம் போட்டு 51-ஆன காமவர்த்தனியையும் பாடுங்கள். மேளகர்த்தா அட்டவணை சுவரிலிருந்து இறங்கித் தொண்டைக்கு வரும்.

5. பாடுவதை எழுதிப் பாருங்கள். வாரம் ஒரு பல்லவியைக் கச்சேரிப் பதிவிலிருந்து கேட்டு, புத்தகம் பார்க்காமல் ஸ்வரப்படுத்துங்கள். தப்பு வரும். எந்த இடத்தில் தப்பினீர்களோ அந்தப் பிடி இன்னும் காதில் ஏறவில்லை என்று அர்த்தம். வகுப்பைப் போனில் பதிவு செய்து அப்படியே விட்டுவைப்பதால் பயனில்லை. அன்று ராத்திரிக்குள் கேளுங்கள், பிறகு நீங்கள் பாடியதைப் பதிவு செய்து கேளுங்கள். இரண்டாவது கொஞ்சம் வலிக்கும்.

6. சாகித்யத்தை மென்று முழுங்காதீர்கள். தெலுங்குக் கீர்த்தனையைத் தமிழில் எழுதிக்கொள்ளும்போது, நம் ஒரு "க" நான்கு ஒலிகளுக்கு நிற்கிறது. பழைய பதிப்புகளில் எழுத்தின் பக்கத்தில் 2, 3, 4 என்று போட்டிருப்பார்களே, அது அச்சுப்பிழை இல்லை. அந்த எண்ணைப் பார்த்து உச்சரியுங்கள். பதம் பிரித்துப் பொருள் கேளுங்கள். தமிழ்ப் பாட்டு தானே என்று முத்துத்தாண்டவரையும் அருணாசலக் கவிராயரையும் பொருள் பார்க்காமல் பாடுவதும் அதே குற்றம்தான்.

7. தாளத்தைக் கையில் பழக்குங்கள். பைரவி அட தாள வர்ணத்தின் 14 அட்சரத்தையும் கை தானாகப் போட வேண்டும். கை தயங்கினால் கல்பனாஸ்வரத்தில் மனசு எடுப்பைத் தேடி அலையும்.

8. இரண்டு பாடாந்தரத்துக்குச் சண்டை மூட்டாதீர்கள். "எங்க குரு இப்படிச் சொல்லிக்கொடுக்கலையே மேம்" என்ற வாக்கியத்தை நானும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். வெளியே கற்ற சங்கதி அங்கே சரி, வகுப்பில் சொல்வது இங்கே சரி. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கலந்து பாடுவதுதான் தப்பு.

9. தொண்டை கட்டினால் பாடாதீர்கள். கிசுகிசுத்துப் பேசுவதும் ஓய்வில்லை, அதுவும் தொண்டைக்குச் சிரமம். அந்த நாட்களில் கேளுங்கள், எழுதுங்கள். மார்கழி வந்தால் சபாக்களில் மதியக் கச்சேரிக்குப் போங்கள். பல இடங்களில் டிக்கெட் கிடையாது, பாடுகிறவர்களும் உங்களைவிட நாலைந்து வயசுதான் மூத்தவர்கள்.

10. பட்டம் கையில் வந்ததும் வித்வான் ஆகிவிடுவதில்லை. முதுகலை, ஆசிரியர் வேலை, வானொலித் தேர்வு என்று வழிகள் உண்டு. வானொலியில் பி கிரேடில் தொடங்கி ஏ, டாப் என்று ஏற வருஷங்கள் பிடிக்கும். அங்கே உங்கள் மார்க் ஷீட்டைப் பார்த்து கிரேடு போட மாட்டார்கள். பாட்டைக் கேட்டுத்தான் போடுவார்கள்.

இதையெல்லாம் இன்றே செய்ய வேண்டாம். நாளைக் காலை வகுப்புக்கு அரை மணி முன்னால் வாருங்கள். அறை காலியாகத்தான் இருக்கும். சுருதியைப் போட்டு, நேற்று எழுதிய குறிப்பில் ஒரு வரியைப் பாடிப் பாருங்கள்.